மாமனார் வாங்கிய வண்டி

காரில் மலையேறி வந்து இறங்கும்போதே நூற்பாலை முதலாளி நாச்சிமுத்துவின் முகம் கடுகடுவென்றிருந்தது. குரு கோமதி அம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். இருந்தும் நாச்சிமுத்து அவர் முன்னால் தரையில்தான் உட்கார்ந்தார்.

"மழையில நனைஞ்சு மக்கின பஞ்சை நல்ல பஞ்சுன்னு கணக்குல காட்டியிருக்கான்மா. அதை நம்பித்தான் பேங்க்காரங்க கடன் கொடுத்தாங்க. நாளைக்குக் காலையில குடோனைப் பார்க்க வர்றாங்க. மில்லே போயிரும்."

"காட்டினது யாரு?"

"கணக்கர்தான். இவன் மூணாவது ஆளு. வர்றவன் பூராப் பொய்யன். நேர்மையான ஆளு எங்கம்மா கிடைப்பான்?"

"அவர் எழுதறதை யார் சரிபார்க்கிறது?"

"தணிக்கைக் குழு இருக்குதுங்க. நம்ம மாப்பிள்ளைதான் தலைவர்."

"அவருக்குக் கணக்குத் தெரியுமா?"

"நல்லாவே தெரியும். ஆனா அதுக்காகப் போடலீங்க. நான் சொன்னா மறுபேச்சுப் பேசமாட்டார்."

வெளியே காரின் பின்சீட்டில் மகளும் பேரனும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மருமகன் லோகநாதன் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். அம்மாள் அவரை உள்ளே கூப்பிட்டார்.

"வண்டி எப்படி ஓடுது?"

லோகநாதன் மாமனாரின் முகத்தைப் பார்த்தார். "பிரமாதமா ஓடுதுங்க. மாமா வாங்கிக் கொடுத்ததாச்சே."

நாச்சிமுத்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"நீங்க உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்குங்க" என்றார் அம்மாள் அவரிடம்.

"நானா?"

"நீங்கதான்."

முணுமுணுத்தபடியே போனார். சாத்திய கதவில் காதை வைத்தார்.

"வண்டி எப்படி ஓடுது?"

அம்மாள் மறுபடியும் அதையே கேட்டார். பிறகு லோகநாதனின் குரல், தணிந்து வந்தது.

"பிரேக் சரியாப் பிடிக்கலீங்க. பாதி மலையிலேயே தெரிஞ்சுபோச்சு."

"சொல்லலையா?"

"'நான் வாங்கின வண்டியையே குத்தம் சொல்றீங்களா'ன்னு மாமா கேப்பாருங்க. ரெண்டாவது கியர்லயே மெதுவா இறக்கிரலாம்னு இருந்தேன்."

நாச்சிமுத்து கதவை உதைத்துத் திறந்தார்.

"பொண்டாட்டியும் புள்ளையும் வண்டிக்குள்ள கிடக்கறாங்களே மாப்பிள்ளை! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாயில்லையா?"

நாச்சிமுத்து குருவின் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களாம்மா? இவரும் பொய்யர்தான்."

"ரெண்டு தடவையும் நான் கேட்டது இதே ஆளைத்தான். ரெண்டாவது தடவை நீங்கதான் எதிர்ல இல்லை" என்றார் கோமதி அம்மாள்.