துருச் சிவப்பில் ஒரு வெள்ளை

“இந்தப் படத்துல பொம்பளை எங்கேன்னு கேட்டுட்டார், டீச்சர்.”

சொன்னவள் குணசுந்தரி. வயது அறுபத்தொன்று. ரயில்வே கவுன்ட்டரில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற பிறகு ஓவியம் கற்க வந்தவள். டீச்சர் ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு.

கேட்டவர் ரெஜினாவுக்குத் தெரிந்தவர். மகளிர் தினத்துக்கு ஓவியக் கண்காட்சி நடத்துகிறார். காலையில் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“வேற என்ன சொன்னார்?”

“வெறும் கலரா இருக்காம். ஒரு முகம், ஒரு வளையல், எதாவது இருந்தா மாட்டறேன்னார்.”

இருவரும் குணசுந்தரி வரைந்த படத்தைப் பார்த்தார்கள். ஆளுயரக் கேன்வாஸ். முழுக்கத் துருச் சிவப்பு. கீழே இடது ஓரத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

“நீங்க என்ன நினைக்கறீங்க, அக்கா?”

“எனக்கென்ன தெரியும்? முப்பத்தஞ்சு வருஷம், கேட்ட ஊருக்கு டிக்கெட் கொடுத்தவ நான். நீங்க சொன்னா வளையலைப் போட்டுடறேன்.”

“நானே போட்டுடறேன்.”

ரெஜினா பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்தாள். படத்தின் முன் மண்டியிட்டாள்.

“இந்த வெள்ளையில ஒரு வளையல். சரியா?”

“ம்.”

பிரஷ் நெருங்கியது. இன்னும் ஒரு விரற்கடை.

“கையை எடுடி!”

ரெஜினாவின் மணிக்கட்டு குணசுந்தரியின் பிடியில் இருந்தது. ஒரு சொட்டுக் கறுப்பு தரையில் விழுந்தது.

“அது சும்மா கிடக்கற எடம்னு நினைச்சியா? மூணு தடவை சிவப்பை ஏத்தினேன். மூணு தடவையும் மனசு கேட்காம வெள்ளையால மூடினேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு யோசிக்கலை. அங்கே போய் வளையலாம், வளையல்!”

தான் பேசியது அதன் பிறகுதான் அவள் காதிலேயே விழுந்தது.

“ஐயோ, டீச்சர்...”

ரெஜினா சிரித்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

“கை வலிக்குது, அக்கா.”

குணசுந்தரி கையை விடவில்லை. படத்தையே பார்த்தபடி நின்றாள். மூச்சு மெல்ல அடங்கியது.

“அந்த ஆளோட நம்பரைக் கொடு,” என்றாள். “நானே பேசறேன்.”