பயமில்லாத சாஃப்ட்வேர்

"டீச்சர், எங்கம்மா பயப்படாத மாதிரி ஒரு டிசைன் சாஃப்ட்வேர் சொல்லுங்க. இலவசமா இருக்கணும்."

கேட்டவன் சௌந்தரபாண்டி. அவன் படிக்கும் டிசைன் வகுப்பை மாடியில் நடத்தும் ஹசீனா டீச்சர் அவனைவிடப் பத்து வயது இளையவர். அதனாலென்ன, தெரிந்தவர்தான் குரு.

"ஏற்கெனவே நாலு சொன்னேனே அண்ணே?"

"நாலும் தேறல. மவுஸைத் தொட்டாலே அம்மாவுக்குக் கை வெடவெடங்குது. நான் எத்தனை தடவை சொன்னாலும் தப்பான இடத்தையே அமுக்குறாங்க."

வருகிற ஞாயிறு அப்பாவின் முதலாண்டு நினைவு நாள். தெருமுனையில் ஒட்டுகிற நினைவஞ்சலி போஸ்டரைத் தன் கையாலேயே செய்யவேண்டும் என்று அம்மா முத்துலெச்சுமிக்கு ஆசை. போன வருஷம் அப்பா இறந்தபோது கடைக்காரன் அடித்துக் கொடுத்தது ஊருக்கெல்லாம் போடுகிற அதே வரிதான். அந்தக் குறை அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று, "வேணாம்ப்பா, கடையிலயே குடுத்துரு" என்று சொல்லிவிட்டாள்.

அப்பா போனபிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இதையும் விட்டால் எல்லாவற்றையும் விட்டுவிடுவாளோ என்று அவனுக்குப் பயம்.

"உக்காருங்க," என்றார் டீச்சர். "அப்பா பேரை அடிங்க."

மவுஸைப் பிடித்தான்.

"அங்க இல்ல!"

நகர்த்தினான்.

"ஐயோ, அதைத் தொடாதீங்க! எத்தனை தடவை சொல்றது?"

ஆத்தாடி, இதென்ன கூத்து! ஒருநாளும் குரல் உயர்த்தாத மனுஷி. தினமும் புழங்குகிற சாஃப்ட்வேர்தான். எழுத்துப் போடும் இடம் எதுவென்றே அவனுக்கு மறந்துபோனது.

"தள்ளுங்க, குடுங்க இப்படி!"

மவுஸை வெடுக்கென்று பிடுங்கினார். அவன் கைகளைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். நேற்று அம்மாவிடமிருந்து அவன் பிடுங்கியபோது அவளும் இப்படித்தான் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் குரல் பழையபடி தணிந்தது. "அஞ்சாவது சாஃப்ட்வேர் வேணுமா அண்ணே?"

அவன் எழுந்து வந்தான்.

வீட்டில் அம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி உட்காரவைத்தான். அவள் எதையோ அமுக்கினாள். அப்பாவின் படம் காணாமல் போனது.

"போச்சே! உங்கப்பாவை அழிச்சிட்டேனே!"

சொன்னவள் திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். அடி விழப்போகிற பிள்ளை பார்க்கிற பார்வை.

'ஐயோ' தொண்டைவரை வந்துவிட்டது. விழுங்கினான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"பரவாயில்லம்மா. மேல, பின்பக்கம் வளைஞ்ச மாதிரி ஒரு அம்பு இருக்கும் பாரு."

தேடினாள். வேறெதையோ அமுக்கினாள். அவன் வாயைத் திறக்கவில்லை. பாவி மனுஷனுக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

மறுபடியும் தேடினாள். படம் திரும்பி வந்தது.

அம்மா அதையே பார்த்தபடி இருந்தாள். பிறகு வேண்டுமென்றே அழித்தாள். தானே திரும்ப வரவைத்தாள்.

"சித்த வெளிய போப்பா," என்றாள். "உங்கப்பாவுக்கு எழுதப் போறேன். நீ பக்கத்துல இருந்தா கூச்சமா இருக்கு."