நரி கரைத்த சிவப்பு

முள் மரங்கள் மண்டிய ஒரு காட்டில் பெருமழை பெய்து ஓய்ந்தது. கலங்கல் தண்ணீரைக் குடித்த விலங்குகளுக்கெல்லாம் வயிற்றுப்போக்கு. புள்ளிமானின் குட்டி இரண்டு நாளாக எழுந்து நிற்கவே இல்லை. தாய்மான் அதை மூக்கால் முட்டி முட்டி எழுப்பப் பார்த்தது.

அந்தக் காட்டுக்கு முள்ளம்பன்றிதான் வைத்தியர். பதிமுக மரத்தின் முள்ளுக்கு அஞ்சி எல்லோரும் ஒதுங்கிப் போவார்கள். உடம்பெல்லாம் முள்ளாக இருப்பவருக்கு என்ன பயம்? காய்ந்து விழுந்த கிளையைக் கொறித்து, உள்ளே இருக்கும் சிவந்த கட்டையைச் சிராய் சிராயாக எடுத்துப் பாறைக் குழியில் ஊறப் போடுவார். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். வயிற்றுப்போக்குக்கு அதுதான் அங்கே மருந்து. "வைத்தியரே, வைத்தியரே" என்று காடே அவரைக் கும்பிட்டது.

குள்ளநரிக்கு வயிறு எரிந்தது. "வெறும் சிவப்புத் தண்ணீர்! இதற்கா இத்தனை மரியாதை?" என்று முணுமுணுத்தது. காவிக்கல்லை உரைத்துப் பக்கத்துக் குழியில் கரைத்தது. அடடா, என்ன சிவப்பு!

மான் குட்டியோடு வைத்தியரிடம் வந்தது. துவர்ப்புத் தாங்காமல் குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. தாய் ஓர் இலையில் மருந்தை மொண்டு, காட்டு எலுமிச்சையைக் கடித்துப் பிழிந்தது. சிவப்புத் தண்ணீர் சட்டென்று மஞ்சளானது!

"ஐயோ, விஷம்! நல்ல மருந்து என் குழியில் இருக்கிறது!" என்று கத்தியது நரி.

"புளிப்புப் பட்டால் பதிமுகத் தண்ணீர் மஞ்சளாகத்தான் ஆகும். பயப்படாதே தாயே" என்றார் முள்ளம்பன்றி. கேட்பார் யார்? மருந்துக்கு வந்திருந்த எல்லோரும் நரியின் குழிக்கு ஓடினார்கள்.

நரி தன் குழியிலும் எலுமிச்சை பிழிந்தது. "பாருங்கள்! கொஞ்சமாவது நிறம் மாறுகிறதா? இதுதான் அசல்!" என்று மடக் மடக்கென்று தானும் குடித்துக் காட்டியது.

குட்டியின் கண்கள் செருகிக்கொண்டிருந்தன. ஒரு வாய்தான் கொடுக்க முடியும் போலிருந்தது. எதைக் கொடுப்பது? மான் கேட்டது: "நரியண்ணா, இதுவும் பதிமுகக் கட்டைதானா?"

"அதே மரம், அதே கட்டை!"

"அப்படியானால் இது மட்டும் ஏன் மஞ்சளாகவில்லை? முள் மரத்துக்குப் போய்வந்தவர் காலில் ஒரு கீறல்கூட இல்லையே?"

நரி சட்டென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டது. அதன் நகமெல்லாம் காவி.

குரங்கு குழிக்குள் கையை விட்டது. கை நிறையச் சேறு வந்தது.

மான் திரும்பி ஓடி, மஞ்சள் தண்ணீரைக் குட்டியின் வாயில் விட்டது. புளிப்பு நாக்குக்குப் பிடித்துவிட்டது போலும். குட்டி நக்கி நக்கிக் குடித்தது. மறுநாள் வெயில் ஏறும்போது நான்கு காலில் நின்று, தள்ளாடி, பால் குடிக்க முட்டியது. தாய்மான் அழுதே விட்டது.

அன்று வைத்தியரிடம் கடைசியாக வந்தது யார் தெரியுமா, குழந்தைகளே? வயிற்றைப் பிடித்துக்கொண்டு நரி!

முள்ளம்பன்றி மருந்தை நீட்டினார். குணமானதும், "நாளைக்குக் கட்டை தீர்ந்துவிடும். நீயே போய் எடுத்து வா" என்றார்.

மறுநாள் முள் மரத்தடியிலிருந்து "ஆ! ஐயோ! அம்மா!" என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆனாலும் கட்டை வந்து சேர்ந்தது.

நீதி: நிறத்தைப் பார்த்து நம்பிவிடாதே, கேள்வி கேட்டுத் தெளிந்த பிறகு நம்பு.