நாரை மேல் ஏறிய அன்னம்

“நாரையின் கழுத்தில் என் பெயரா?” என்று ராஜா கேட்டார்.

“கழுத்தில் வேண்டாம், மகாராஜா. பயணியின் கையில் இருக்கிற ஓலையில் இருந்தால் போதும்.”

“ஓலையில் என் பெயர். ஏறிப் போவது அயல்நாட்டு நாரையில். அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“போகிற வழியில் அந்த நாரை மீனைக் கண்டு தாழ்ந்து கொத்தினால்?” என்று இன்னொரு குரல் குறுக்கே வந்தது. “மீன் பிடித்தது மகாராஜாவின் பெயர் என்றல்லவா ஆகும்?”

சபை முழுக்கச் சிரித்தது. ராஜாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவன் மட்டும் சிரிக்கவில்லை. மற்றவர்களைச் சிரிக்க வைத்துச் சம்பளம் வாங்குகிறவன் அவன். அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

இது முன்னொரு காலத்தில் நடந்தது. எவ்வளவு முன்னால் என்றால், மனிதர்கள் பறவைகளின் முதுகில் அம்பாரி கட்டி ஊர்விட்டு ஊர் பறந்துகொண்டிருந்த காலத்தில். நாட்டின் பெயரைக் கேட்காதீர்கள். அங்கே இருந்தவர்களே அதை ‘நம்ம நாடு’ என்றுதான் சொன்னார்கள். அந்த நாட்டு ராஜா நல்லவர். ஒரே ஒரு பலவீனம், அவருக்குத் தன் பெயர் மேல் ரொம்பப் பிரியம். கிணற்றுச் சுவரிலும், பாலத்திலும், யானையின் தந்தத்திலும் அதைப் பொறித்து வைத்திருந்தார். பயணிகளைச் சுமக்கும் அன்னங்கள் ஒவ்வொன்றின் கழுத்திலும் அவருடைய பெயர் எழுதிய பட்டை தொங்கியது.

சிரிக்காமல் நின்ற விகடனின் பெயர் சாத்தையன். மீன் கேள்வி கேட்டவர் பிரதானி திருமேனிநாதர். சாத்தையன் ஒரு வார்த்தை சொல்லி ராஜா சிரித்துவிட்டால், அன்று முழுவதும் பிரதானிக்குச் சோறு இறங்காது.

அன்னங்களிடம் ஒரு சிக்கல் இருந்தது. பாலையும் நீரையும் பிரிக்கத் தெரிந்த பறவைக்கு உப்பையும் நீரையும் பிரிக்கத் தெரியவில்லை. கடலுக்கு மேல் போனால் தாகம் எடுத்துத் திரும்பிவிடும். கடலைத் தாண்டி மணித்தீவுக்குப் போக, அந்தத் தீவின் நாரைகளால்தான் முடியும். ஆனால் அயல்நாட்டுப் பறவையின் நிழல் நம் வயலில் விழக் கூடாது என்று ராஜாவின் பாட்டனார் ஒரு சட்டம் போட்டிருந்தார். அதனால் நாரை கடற்கரையோடு நின்றுவிடும். தீவிலிருந்து வருகிறவர்கள் கரையில் இறங்கி, ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்து, அன்னம் எப்போது வரும், அதில் இடம் இருக்குமா என்று பார்த்துக் கிடக்க வேண்டும். நான்கு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம்.

அன்னச்சாலையை நடத்திய ஆதிமூலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து ஏழு முறை விண்ணப்பம் போட்டிருந்தார். தீவின் நாரைச்சாலையும் நம் அன்னச்சாலையும் கைகோத்துக்கொள்ள வேண்டும். பயணிக்கு ஒரே ஓலை. அதில் நம் ராஜாவின் முத்திரை. அந்த ஓலையைக் காட்டினால் நாரையும் ஏற்றிக்கொள்ளும், அன்னமும் கரையில் காத்திருந்து ஏற்றிக்கொள்ளும். அதேபோல் அவர்கள் ஓலையோடு வருகிறவர்களை நம் அன்னம் சுமக்கும். இதற்கு ராஜாவின் அனுமதி மட்டும்தான் பாக்கி. ஏழு முறையும் அது பிரதானியின் மேசையைத் தாண்டவில்லை. எட்டாவது முறை ஆதிமூலர் விண்ணப்பத்தைச் சாத்தையன் கையில் கொடுத்துப் பேசச் சொன்னார். சாத்தையனும் மறுக்கவில்லை. அவனுடைய ஒரே மகள் நீலாயி மணித்தீவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கு இது எட்டாம் மாதம்.

ராஜா தாடியைத் தடவினார். தன் பெயர் கடலைத் தாண்டிப் போகும் என்பது அவருக்குப் பிடித்திருந்தது. அது அடுத்தவர் பறவையில் போகும் என்பது பிடிக்கவில்லை. பிரதானி இதைப் புரிந்துகொண்டு, மெல்ல ஒரு யோசனை சொன்னார். மகாராஜாவின் முத்திரை ஓலையை வைத்திருப்பவர் நம் அன்னத்தை விட்டு எங்கேயும் இறங்கக் கூடாது; இந்த அரண்மனை முற்றத்தில்தான் இறங்க வேண்டும். அப்படி ஒருவரைத் தீவிலிருந்து சாத்தையன் கொண்டுவந்து காட்டட்டும். காட்டினால் அனுமதி. இல்லாவிட்டால் இந்த விண்ணப்பம் இனிமேல் சபைக்கு வரவே கூடாது.

“நியாயமாகத்தானே இருக்கிறது,” என்றார் ராஜா. நியாயமோ இல்லையோ, அதுவே கட்டளை ஆகிவிட்டது.

*

வீட்டில் அவன் மனைவி வடிவாம்பாள் முறத்தில் சுக்கும் மிளகும் திப்பிலியும் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை பெறப்போகிற மகளுக்கு மருந்து இடிக்க வேண்டும். சபையில் நடந்ததை அவன் சொல்லச் சொல்ல, முறத்தின் ஓசை பலமாகிக்கொண்டே போனது.

“தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்னு சம்பந்தி கிட்ட வாய் கிழியச் சொல்லிட்டு வந்தது யாரு?” என்றாள்.

“நான்தான்.”

“ஒன்பதாம் மாசம் பொறந்துட்டா அவங்க அனுப்ப மாட்டாங்க. கொட்டகையில பத்து நாளு கெடந்தா புள்ள வழியிலேயே பொறந்துடும். ரெண்டுல எது ஒங்களுக்குச் சம்மதம்?”

அவன் கட்டளையை மறுபடி ஒப்பித்தான், அதில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அன்னத்தை விட்டு இறங்கக் கூடாது. அன்னமோ கடலைத் தாண்டாது.

வடிவாம்பாள் முறத்தைக் கீழே வைத்தாள். “எறங்கத்தானே கூடாது? அப்போ அன்னத்தையும் சேர்த்துத் தூக்கி நாரை மேல வையுங்க. போங்க, வேலையப் பாருங்க.”

எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். ஆனால் சாத்தையன் குடித்துக்கொண்டிருந்த மோரைப் பாதியில் நிறுத்தினான். மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆதிமூலரைத் தேடிப் போனான்.

மறுநாள் சபையில் அவன் ராஜாவிடம் ஒன்றுதான் கேட்டான். தன்னோடு ஒரு சாட்சி வர வேண்டும்.

“எப்படிப்பட்ட சாட்சி?”

“பொய் சொல்லாதவராக இருக்க வேண்டும், மகாராஜா. என் மேல் துளியும் பிரியம் இல்லாதவராகவும் இருக்க வேண்டும்.”

சபையில் இருந்த எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ராஜா சிரிப்பை அடக்கிக்கொண்டு பிரதானியின் கையில் முத்திரை ஓலை ஒன்றைக் கொடுத்தார்.

*

பிரதானி அன்னத்தில் ஏறிக் கடற்கரைக்கு வந்தபோது சந்தோஷமாகவே இருந்தார். இங்கேயே அன்னம் நின்றுவிடும், மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. அம்பாரியில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டார்.

முந்தின நாளே மாட்டுவண்டியில் வந்துவிட்ட சாத்தையன் அங்கே காத்திருந்தான். அவன் பக்கத்தில் ஒரு மணித்தீவு நாரை மடிந்து உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு பேரைச் சுமக்கிற பறவை. உட்கார்ந்தாலே கோயில் தேர் உயரம். அதன் முதுகுக்குப் பலகை சாத்தியிருந்தார்கள். பலகையின் உச்சியில் ஒரு சட்டி நிறையப் பால்.

அன்னம் பாலைப் பார்த்தது. பிறகு, தன் முதுகில் ஒரு நாட்டின் பிரதானி உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைவே இல்லாமல், பலகையில் அசைந்து அசைந்து ஏறிப் போய் நாரை மேல் உட்கார்ந்துகொண்டது.

“இது என்ன கூத்து? நான் இறங்குகிறேன்,” என்றார் பிரதானி.

“இறங்கலாம், பிரதானியாரே. ஆனால் கையில் முத்திரை ஓலை இருக்கிறதே,” என்றான் சாத்தையன். “அரண்மனை முற்றத்தில்தான் இறங்க வேண்டும் என்று தாங்கள்தானே சொன்னீர்கள்?”

பிரதானி வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

நாரைக்காரர்கள் நல்ல மனிதர்கள். அன்னத்தின் பெயரில் நான்கு பேருக்கான பயண ஓலை எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாத்தையன் தனக்கு நாரைச்சாலையின் சாதாரண ஓலை ஒன்றை வாங்கிக்கொண்டான். அதில் யாருடைய முத்திரையும் இல்லை. அதனால் மணித்தீவில் அவன் காலாற இறங்கி, சம்பந்தி வீட்டில் பலாச்சுளையும் வாளைமீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தான். பிரதானி சம்பந்தி வீட்டு வாசலில், நாரை மேல் அன்னம், அன்னம் மேல் அம்பாரி, அம்பாரி மேல் தான் என்று உட்கார்ந்திருந்தார். அன்று முழுவதும் அப்படித்தான். தீவுக் குழந்தைகள் சுற்றி நின்று பார்த்தன. நீலாயியின் மாமியார் நீளமான மூங்கில் கழியின் நுனியில் தூக்குச்சட்டியைக் கட்டி அவருக்குச் சோறு ஏற்றினாள். மற்ற தேவைகளுக்கு அவர் என்ன செய்தார் என்று கதை சொல்கிறவனிடம் கேட்கக் கூடாது.

மறுநாள் விடியும்போது நீலாயியை மெல்ல ஏற்றி அம்பாரியில் உட்கார வைத்தார்கள். அவள் கையிலும், ஆதிமூலர் கொடுத்தனுப்பிய ஒரு முத்திரை ஓலை. வயிறு பெரிதாக இருந்ததால் பிரதானி ஒரு மூலைக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். நடுக்கடலில் வெயில் ஏறியது. அவள் நெற்றி வியர்த்ததைப் பார்த்து, தன் குடையை அவள் பக்கம் சாய்த்தார்.

“நீங்க எனக்குப் பெரியப்பா மாதிரி. கேக்கலாமான்னு தெரியல,” என்றாள் நீலாயி.

“கேளம்மா.”

“கால் மரத்துப் போச்சு. அந்தத் திண்டைக் கொஞ்சம் இப்படித் தள்ளுறீங்களா?”

பிரதானி திண்டைத் தள்ளினார். பிறகு தன் முதுகுக்கு வைத்திருந்த திண்டையும் எடுத்துக் கொடுத்தார். காற்று பலமாக அடித்தபோது நாரைப்பாகனைக் கூப்பிட்டு, உள்ளே பிள்ளைத்தாய்ச்சி இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா, மெதுவாகப் போகக் கூடாதா என்று அதட்டினார். முன்னால் உட்கார்ந்திருந்த சாத்தையன் அதைக் கேட்டான். அவனுக்குத் தெரிந்து அவர் இன்னொருவருக்காகக் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. திரும்பிப் பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று, கடலைப் பார்த்தபடியே இருந்தான்.

கரை வந்ததும் நாரை மடிந்து உட்கார்ந்தது. அன்னம் பலகை வழியே இறங்கி, சோம்பல் முறித்து, தலைநகரை நோக்கிப் பறந்தது. கரையிலிருந்து யாரும் முத்திரை ஓலை இல்லாமல் அன்னத்தில் ஏற முடியாது என்பதால், சாத்தையன் ஆதிமூலரிடம் சொல்லி வைத்திருந்த ஓலையை வாங்கிக்கொண்டு, அம்பாரிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டான்.

*

அரண்மனை முற்றத்தில் ராஜாவும் சபையும் நின்றிருந்தார்கள். ஓர் ஓரத்தில் வடிவாம்பாள். அன்னம் இறங்கியது. ராஜா கையை உயர்த்தி எல்லோரையும் அப்படியே இருக்கச் சொல்லிவிட்டு, பிரதானியைப் பார்த்துக் கேட்டார், இந்தப் பெண் தீவிலிருந்து இங்கே வரும்வரை எங்கேயாவது அன்னத்தை விட்டு இறங்கினாளா?

சாட்சி என்று கேட்டு வாங்கியது சாத்தையன்தான். இந்த மனிதர் ஒரே ஒரு வார்த்தை புரட்டிச் சொன்னால் எல்லாம் முடிந்தது.

பிரதானி குடையை மடக்கினார். “இறங்கவில்லை, மகாராஜா. நானும் இறங்கவில்லை. இரண்டு நாள்.” நீலாயியைக் காட்டினார். “இவள் உட்கார்ந்தது நம் அன்னத்தில். அன்னம் உட்கார்ந்தது அவர்கள் நாரையில். கட்டளை அப்படியே நிறைவேறியது.”

ராஜாவுக்கு முதலில் புரியவில்லை. சாத்தையனைக் கூப்பிட்டு நடந்ததை முழுக்கக் கேட்டார். பால்சட்டி வந்த இடத்தில் அவர் உதடு துடித்தது. மூங்கில் கழியில் சோறு ஏறிய இடத்தில் கிரீடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“கடல் முழுக்க நம் அன்னம் என்ன செய்தது?”

“தூங்கியது, மகாராஜா.”

“பறந்தது?”

“நாரை.”

“அப்புறம் அன்னத்தை எதற்கய்யா தூக்கிக்கொண்டு போனாய்?”

“அதன் கழுத்தில்தானே மகாராஜாவின் பெயர் இருக்கிறது,” என்றான் சாத்தையன். “பெயர் மட்டும் வந்திருந்தால் நாரைக்கு வலித்திருக்காது. அன்னம்தான் கனம். அந்த நாலு பேர் இடத்தில் நாலு பேர் வந்திருக்கலாம்.”

ராஜா சிரித்தார். அது எப்படிப்பட்ட சிரிப்பு என்றால், அன்னம் மிரண்டு இரண்டடி பின்னால் போனது; பிரதானிகூடச் சிரித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். அங்கேயே ஆதிமூலரின் விண்ணப்பத்தைக் கொண்டுவரச் சொல்லி, நாரைச்சாலையும் அன்னச்சாலையும் இனி ஒரே ஓலையில் பயணிகளைச் சுமக்கலாம் என்று முத்திரை வைத்தார். தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையைச் சாத்தையனுக்குப் போர்த்தினார். இரண்டு நாள் பட்ட பாட்டுக்காகப் பிரதானிக்கு ஒரு விருந்து என்றார்.

வடிவாம்பாளுக்கு இதில் எதுவும் காதில் விழவில்லை. அவள் அன்னத்தின் அருகே போய்க் கையை நீட்டினாள். நீலாயி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வெளியே வைத்தாள். உயரம் அதிகமாக இருந்தது. பணியாள் வருவதற்குள் ராஜாவே ஒரு முக்காலியை இழுத்து வந்து கீழே போட்டார்.

அவள் இறங்கி நின்று, வலித்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு வணங்கினாள். ராஜா போகவில்லை. சபையைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் நாரைக் கதையைத் தங்களுக்குள் மறுபடி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து, அவளுக்கும் அவள் அப்பனுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

“எனக்குப் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும் அம்மா, பாட்டன் பெயரைத்தான் வைப்பீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். கிணற்றிலும் பாலத்திலும் எழுதிப் பார்த்துவிட்டேன், கூப்பிட்டால் ஒன்றும் திரும்பி ‘என்ன’ என்று கேட்பதில்லை. பிறப்பது ஆணாக இருந்தால், என் பெயரை அவனுக்கு வைப்பாயா?”