நாற்பத்து மூன்றாம் பக்கத்துக் கால்மிதி

கரூரில் மூன்று சகலைகள் கூட்டாகக் கால்மிதி நெய்து ஆன்லைனில் விற்றார்கள். விற்றார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கால்மிதி என்று தேடினால் அவர்களுடையது நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நானும் இரண்டாம் பக்கத்தை எட்டிப் பார்க்காதவன்தான். அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை.

குடோனுக்கு இடம் கொடுத்த மாமனார் ராக்கியண்ணன் கெடு வைத்தார்.

"தீபாவளிக்குள்ள முதல் பக்கத்துல முதல் ஆளா வரோணும். இல்லீனா மூணு மாப்பிள்ளையும் நம்ம மில்லுக்கு மாவு மூட்டை தூக்க வந்துருங்க."

மூத்தவர் நாச்சிமுத்து அந்த ஆன்லைன் கம்பெனிக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னாள்: "நிறையப் பேர் தேடி வந்து வாங்கணும் சார். வாங்கினவங்க நல்லதா நாலு வரி எழுதணும். அப்பத் தானா மேல ஏறும்."

மூவரும் உடனே தேட உட்கார்ந்தார்கள். நடுவுள்ளவர் குப்புராஜ் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"சகலை, இது நம்முளதுல பாதி வெலதான். அடியில ரப்பர் வேற."

"அட, நல்லாருக்குதே! எனக்கும் ரெண்டு போடு."

ஒரு வாரத்தில் முப்பத்தேழு மிதிகள் வந்து இறங்கின. அந்தக் கடை முதலிடத்துக்கு ஏறியது. அந்தப் பெண் சொன்னது அத்தனையும் உண்மை என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

இளையவர் தேவராசு மட்டும் வீம்பாக நாற்பத்து மூன்று வரை போய்த் தங்கள் மிதியையே வாங்கினார். கூரியர்காரர் அதைக் குடோன் வாசலில் வாங்கிக்கொண்டு போய், ஐந்தாம் நாள் அதே வாசலில் கொடுத்தார். தேவராசு பிரித்துப் பார்த்தார். 'தாமதம். நிறம் படத்தில் உள்ளதுபோல் இல்லை' என்று எழுதி ஒரே ஒரு நட்சத்திரம் போட்டார்.

"நம்ம சரக்குக்கு நாமளே இப்படி எழுதலாமா?" என்றார் குப்புராஜ்.

"காசு குடுத்தவன் நானு. வாங்கறவன் பக்கந்தான் பேசுவேன்."

"அதுவுஞ் செரிதான்" என்ற நாச்சிமுத்து, கடை சார்பில் தேவராசுவிடம் மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார்.

மிதி அறுபதாம் பக்கத்துக்கு இறங்கியது.

தீபாவளிக்கு முதல் நாள் குப்புராஜ் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். அதை அழுத்தினால் விலை கூடிய பொருள் முதலில் வரும். மிதியின் விலையைத் தொண்ணூறாயிரம் ஆக்கிவிட்டு அழுத்தினார்கள். முதல் பக்கம், முதல் இடம்.

மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இத்தன வெலைக்கு அப்படி என்னதான் இருக்குது அதுல?"

"எங்களுக்கே தெரியலீங்க மாமா."

அவர் மூட்டைப் பேச்சை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போய் நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒன்று ஆர்டர் செய்தார்.

பத்து நாள் கழித்து அவர் எழுதியது வந்தது. மூவரும் எழுந்து நின்று படித்தார்கள்.

'உயர்ந்த பொருள். மிதிக்க மனசு வரவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறேன். ஆனால் கால் எட்டவில்லை. ஒரு நட்சத்திரம் குறைத்திருக்கிறேன்.'

அன்றே மூவரும் கூடிப் பேசினார்கள். இனி ஒவ்வொரு மிதியோடும் ஓர் ஏணி சேர்த்து அனுப்புவதென்று முடிவாயிற்று.