ஆவுடை ஊற்றிய ஆயில்

சிவகாமி அம்மையிடம் தியானம் பழக வருகிறவர்களில் கேள்வியே கேட்காதவர் திருமலைக்கொழுந்து ஒருவர்தான். வருவார், கூடத்துச் சுவரோரம் உட்காருவார், கண்ணை மூடுவார், போய்விடுவார். மனைவி ஆவுடையம்மாள் இறந்த பிறகு யாரோ சொல்லி வரத் தொடங்கியவர். அம்மையைவிட வயதில் மூத்தவர் என்பதால் அம்மை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவாள். அவர் பெரும்பாலும் எதுவும் கூப்பிடுவதில்லை.

அன்று மகள் கோமதியும் கூட வந்தாள். கையைப் பிடித்தபடி அவளுடைய சின்னப் பெண்ணும். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மை, நீங்க சொன்னாத்தான் அப்பா கேப்பாக. வண்டிக்கு ஆயில் மாத்தச் சொல்லுங்க."

அம்மை சிரித்தாள். "எனக்குத் தெரிஞ்சது சும்மா உக்காரச் சொல்லிக் கொடுக்கிறது. ஆயிலுக்கு ஒர்க் ஷாப் இருக்கே கோமதி."

"பானட்டையே திறக்க விடமாட்டேங்காகளே. போன மாசம் மெக்கானிக் செல்லையா எட்டிப் பாத்துட்டு, 'அண்ணாச்சி, இது ஆயிலா, கருப்பட்டிப் பாகா'ன்னான். அன்னையிலேர்ந்து அந்தத் தெரு வழியாவே போறதில்லை."

"அவனுக்கு வாய் நீளம்" என்றார் திருமலைக்கொழுந்து.

"வாய் நீளமா இருக்கட்டும். இன்னைக்குக் காலையில மலைப்பாதை வளைவுல வண்டி நின்னுட்டு அம்மை. சூடு ஏறி, கடகடன்னு ஒரு சத்தம் போட்டு, அப்படியே நின்னுட்டு. பின்னால மரலாரி. இவ பின்சீட்டுல தூங்குதா. அந்த டிரைவருக்குக் கண்ணு நல்லாருந்துது, வண்டி ஆறினதும் கிளப்பி இங்க வந்து நிக்கேன்."

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கோமதிக்கு வேலை. பெண்ணுக்கும் அங்கேயேதான் படிப்பு. தினமும் அந்த வளைவில் ஏறி, அந்த வளைவில் இறங்கியாக வேண்டும். வீட்டில் இருப்பது இந்த ஒரு வண்டி.

அவள் அழவில்லை. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, தாகம் என்று சிணுங்கிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு அடுக்களைப் பக்கம் போனாள்.

திருமலைக்கொழுந்து வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். கண்ணை மூடினார்.

"இன்னைக்கு அது வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் அம்மை. "வண்டியைக் காட்டுங்க."

முற்றத்து வேம்படியில் வெள்ளைக் கார் நின்றது. வெளியே பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. கண்ணாடி பளபளவென்று இருந்தது. தினமும் துடைக்கிறார் என்பது தெரிந்தது.

பானட்டைத் திறந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். கம்பி நுனியில் ஒட்டியிருந்தது சொட்டவில்லை. கன்னங்கரேல் என்று, கையால் வழித்தால் வரும்போல இருந்தது.

"எப்போ மாத்தினது?"

"அவ மாத்தினது."

அவராகவே சொன்னார்.

"எங்க வீட்டுல வண்டி வேலை எல்லாம் அவதான். எனக்கு ஓட்ட மட்டுந்தான் வரும். ஆயிலைக் கடையில மாத்தக் கொடுக்க மாட்டா. 'அவனுக்கு அடுத்த வண்டி நிக்கும், முழுசா வடிய விடமாட்டான்'ம்பா. சேலைக்கு மேல என் பழைய சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு, தானே அடியில போய்ப் படுத்துருவா. நான் பக்கத்துல உக்காந்து பேப்பர் வாசிப்பேன். சத்தமா வாசிக்கணும், அடியில அவளுக்குக் கேக்கணும்."

கம்பியைத் திரும்பச் செருகினார். சரியாக நுழையவில்லை. மறுபடி செருகினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின வாரம் மாத்தினா. உடம்புக்கு முடியல. 'வேண்டாம் ஆவுடை, செல்லையாகிட்ட விடுவோம்'னேன். கேக்கல. இதைச் செஞ்சு வச்சிட்டா ஆறு மாசத்துக்குக் கவலையில்லைன்னா."

வேப்பம்பழம் ஒன்று காரின் கூரையில் விழுந்தது. அவர் அதை எடுத்துத் தூரப் போட்டார்.

"வீட்டுல அவ சேலை எல்லாம் கோமதி தானம் பண்ணிட்டா. ஊறுகா தீந்து போச்சு. அவ அரைச்சு வச்ச மிளகாப்பொடி தீந்து போச்சு. அவ கையால ஊத்தினதுன்னு இன்னும் மிச்சம் இருக்கிறது இதுக்குள்ள இருக்கிறது மட்டுந்தான். குறைஞ்சா மேல கொஞ்சம் புதுசு ஊத்துதேன். அடியில இருக்கிறதை எடுக்கலை."

"அவுக ஊத்தும்போது இது என்ன நிறம்?"

"நல்லெண்ணெய் மாதிரி இருந்துது. வெயில்ல பிடிச்சா மின்னும்."

அம்மை கம்பி இருந்த இடத்தைப் பார்த்தாள்.

திருமலைக்கொழுந்துக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "எனக்குத் தெரியாதா அம்மை? எஞ்சின் போயிரும், தெரியும். பேத்தி அந்த வளைவுல போறா வாறா, அதுவும் தெரியும். கண்ணை மூடினா அந்த லாரிதான் வருது, நான் பாக்கவே இல்லாத லாரி. தெரிஞ்சும் கை வரலை. பதினாறு அன்னைக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் எண்ணெய் தேச்சு முழுகினாங்க. எனக்கும் உச்சியில வைக்க வந்தாங்க, நான் எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னையிலேர்ந்து தலையில எண்ணெய் வைக்கல. இப்போ நீங்களும் அவளைத் தலைமுழுகத்தான் சொல்லுதீங்க."

அம்மை அவர் தலையைப் பார்த்தாள். முடி காய்ந்து, தென்னை நார்போல நின்றது.

"ஆவுடையம்மா இருந்தப்போ எண்ணெய் முழுக்கு உண்டா?"

"சனிக்கிழமை தவறாது."

"யார் தேச்சு விடுவா?"

"அவதான். சூடு பறக்கத் தேய்ப்பா. காதுக்குள்ள எல்லாம் விடுவா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஊறணும். உக்காந்திருப்பேன்."

"அப்புறம்?"

"வெந்நீர் விளாவி, சீயக்காய் போட்டு..."

"அது யார்?"

"அதுவும் அவதான்."

"ஒரு நாளாவது, எண்ணெய் தலையோடயே இருக்கேன்னு நீங்க சொன்னதுண்டா?"

"சொல்வேன். சோம்பல். இன்னும் கொஞ்சம் ஊறட்டுமேன்னு சொல்வேன்."

"அவுக என்ன சொல்வாக?"

திருமலைக்கொழுந்து வாயைத் திறந்தார். பானட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"'தேய்ச்சவளுக்குத் தெரியாதா எப்போ எடுக்கணும்னு. எந்திரிங்க'ம்பா."

அடுக்களையில் கோமதி பெண்ணுக்குக் கதை சொல்வது கேட்டது.

அவர் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்தார். ஆவுடையம்மாளின் ஸ்பேனர்கள் ஒரு காக்கித் துணிப்பையில் இருந்தன. பையின் வாயைச் சணல் கயிற்றால் அவளே கட்டி வைத்த முடிச்சு. அதன் முன்னால் வெகுநேரம் குனிந்து நின்றார். அறுக்கவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி அவிழ்த்தார்.

"பழைய சட்டி ஏதாவது இருக்கா அம்மை?"

அம்மை உள்ளே போய், மாட்டுக்குத் தவிடு கலக்கும் இரும்புச் சட்டியைக் கொண்டுவந்தாள். கோமதி வெளியே வந்து பார்த்தாள். கேட்காமலே, தான் வாங்கி முன்சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த புது ஆயில் டப்பாவை எடுத்துக் கீழே வைத்தாள். முன்சக்கரங்களை இரண்டு தட்டைக்கல்லின் மேல் அவளே ஓட்டி ஏற்றினாள். வண்டி உருளாமலிருக்கப் பின்சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்தாள்.

"நான் படுக்கேம்ப்பா. உங்களுக்குப் பழக்கமில்லை."

"நீ தள்ளு" என்றார்.

சட்டையோடேயே மண்ணில் படுத்து அடியில் நகர்ந்தார். ஆயில் வடிக்கிற நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியவில்லை. முதலில் இறுக்கினார். பிறகு மாற்றித் திருகினார். அது விட்டது.

ஆயில் முதலில் ஒரு கயிறுபோல இறங்கியது. இளஞ்சூட்டில் அவர் விரல்களின் மேல் வழிந்தது. கையை இழுக்கவில்லை. கயிறு மெலிந்து நூலானது. நூல் அறுந்து சொட்டானது. வெளியே வந்து, சட்டி தெரிகிற இடத்தில் சக்கரத்தின் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார்.

"போதும்ப்பா" என்றாள் கோமதி. "நட்டைப் போட்டிரலாம்."

"இன்னும் வருது."

"ஒண்ணு ரெண்டு சொட்டுதானே."

"வரட்டும்."

கோமதி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அம்மை கையமர்த்தினாள். பெண் வந்து தாத்தாவின் கறுப்பான கையைத் தொட்டுப் பார்த்து, தன் விரலையும் கறுப்பாக்கிக்கொண்டு, அம்மாவிடம் காட்ட ஓடினாள். கோமதி அவளைக் கைகழுவக் கூட்டிப்போனாள்.

சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையே நேரம் கூடிக்கொண்டே போனது. இதோடு நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று திரண்டு, தொங்கி, யோசித்து, விழும். ஒவ்வொன்றுக்கும் அவர் தலை லேசாகக் குனிந்தது. சட்டியில் வேம்பின் கிளைகள் தெரிந்தன. அவர் முகமும் தெரிந்தது.

அம்மை வந்து அவர் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள்.

அவர் இத்தனை நாளில் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இது நின்னுட்டா, அப்புறம் என்ன அம்மை?"

இன்னொரு சொட்டு விழுந்தது. அம்மை அது விழுந்து அடங்கும்வரை காத்திருந்தாள்.

"அப்புறம் நீங்க ஊத்தணும்."