துண்டு போட்டுப் பிடித்த இடம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. இது கத்திச் சொல்லுகிற கதை இல்லை. கத்துகிற ஆட்கள் கதைக்குள்ளேயே நிறைய இருக்கிறார்கள்.

எங்கள் ஊர்க் கல்லூரியில் செல்வின் என்று ஒரு கூடைப்பந்து மாஸ்டர் இருந்தார். பதினெட்டு வயதிலேயே மாநில அணிக்கு ஆடியவர். பந்து அவர் கைக்குப் போனால், எதிரே நிற்கிறவன் அப்புறம் அதை வலைக்குள்தான் பார்ப்பான். இருபது வயதில் ஆட்டம் நின்றுபோனது. எங்கெங்கோ வேலை பார்த்துவிட்டு, கடைசியில் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வந்தார்.

அவரிடம் சுடலைக்கண்ணு என்று ஒருவன். கடைசி வருஷம். நல்ல உயரம், அதைவிட உயரமான கோபம்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம் அந்த வருஷம் எங்கள் மைதானத்தில். ஒரு கம்பெனி அணிக்கு ஆள் பிடிக்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஒரே ஒரு இடம். பிடித்துவிட்டால் ஆட்டமும் உண்டு, வேலையும் உண்டு. சுடலையை நேரில் பார்க்கத்தான் அவர் வந்ததே.

அன்று காலையில் தாளாளர் மாஸ்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"செல்வின், சுடலை இடத்துல நம்ம மச்சினன் பையன் பிரஜித் ஆடட்டும்."

"அவன் பத்து நாள்தான் பயிற்சிக்கு வந்திருக்கான், ஐயா."

"நான் உன்கிட்ட யோசனை கேக்கல. முழு ஆட்டமும் அவன்தான். நான் சொல்லாம அவனை எடுத்தே, நாளைக்கு நீ கேட்டுக்கு வெளியே."

"நீங்க சொல்லாம எடுக்க மாட்டேன், ஐயா."

சேதி கேட்டதும் சுடலை தண்ணீர்ப் பக்கெட்டை ஓர் உதை விட்டான்.

"தலையை ஆட்டிட்டு வந்துட்டீங்களே மாஸ்டர்! உங்களுக்குக் கோபமே வராதா?"

"வரும்."

"எப்ப?"

"பக்கெட்டை நிமுத்தி வை. ஆடுத பிள்ளைகளுக்குத் தண்ணி வேணும்லா."

ஆட்டம் தொடங்கியது. பிரஜித் கெட்ட பையன் இல்லை. ஆடத் தெரியாது, அவ்வளவுதான். மாமா சொன்னார், வந்துவிட்டான். முதல் பத்து நிமிஷத்திலேயே வாயால் மூச்சுவிட ஆரம்பித்தான். பாதி ஆட்டத்தில் பதினாலு புள்ளி பின்தங்கினோம். சென்னைக்காரர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

இடைவேளை முடிந்து ஆடும்போது, பந்து வெளியே போன ஒரு சமயம் பிரஜித் மாஸ்டரிடம் வந்தான். "மாஸ்டர், என்னைய மாத்திருங்க. கண்ணு இருட்டுது."

"எனக்கு உத்தரவு இல்லப்பா. மாமாகிட்ட கேளு."

அவன் தாளாளர் உட்கார்ந்திருந்த மேடைக்கு நேரே போய் நின்று, கையைக் கூப்பினான். "மாமா! என்னால முடியல மாமா!"

கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்: "மாமா, பிள்ளையைத் தூக்கி இடுப்புல வைங்க!"

மைதானமே சிரித்தது. தாளாளர் முகம் கறுத்து, மாஸ்டரைப் பார்த்து விரலைச் சுழற்றினார். மாஸ்டர் காதில் கையை வைத்தார்.

"கேக்கல, ஐயா!"

"மாத்துங்கிறேன்!"

"கூட்டம் சத்தம் போடுது, ஐயா. மைக்ல சொல்லுங்க!"

அறிவிப்பாளர், பாவம், மைக்கைத் தாளாளர் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்.

"அவனை எடுத்திரு" என்றது ஒலிபெருக்கி.

"யாரைப் போட, ஐயா?"

ஒலிபெருக்கியில் பல் கடிக்கிற சத்தம்கூடக் கேட்டது. "சுடலையைப் போடு."

மாஸ்டர் ஒரு நிமிஷம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டுத் திரும்பினார். சுடலை பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"நான் இறங்க மாட்டேன்."

"ஏம்ல?"

"காலையில வேண்டாம்னாரு. இப்ப மானம் போகுதுன்னதும் கூப்பிடுதாரு. அவரு சூ காட்டுனா ஓடுததுக்கு நான் என்ன நாயா? தோக்கட்டும். ஊரு முன்னால அந்த ஆளு மூஞ்சில கரி அப்பட்டும்."

"நல்ல கோபம்."

"கிண்டல் பண்ணாதீங்க மாஸ்டர்."

"நெசமாத்தாம்ல சொல்லுதேன். எனக்கும் இதே கோபம் வந்துச்சு. இருபது வயசு. தேசியப் போட்டி. தேர்வாளரு தன் மருமகனை ஆடவிட்டு என்னைய உக்கார வச்சிட்டாரு. கடைசி நாலு நிமிசத்துல, 'செல்வின், ஓடு'ன்னாரு. ரெண்டு ஷூவையும் கழட்டி அவரு காலடியில எறிஞ்சிட்டு நடந்தேன். மொத்த சனமும் எந்திரிச்சி நின்னு கைதட்டுச்சு."

சுடலையின் கண் மின்னியது. "அப்புறம்?"

"அப்புறம் கைதட்டுனவன் எல்லாம் வீட்டுக்குப் போயிட்டான்."

"அந்த மருமகன்?"

"எட்டு வருசம் ஆடுனான்."

மாஸ்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பஸ் ஜன்னல் வழியாகப் போடுவோமே, அந்த மாதிரி, பெஞ்சில் தன் பக்கத்தில் விரித்துப் போட்டார்.

"என்னது மாஸ்டர் இது?"

"உனக்குத்தான் இடம் பிடிக்கேன். கோட்டுக்கு வெளியே, எனக்குப் பக்கத்துல. இருபத்தாறு வருசமா இந்தப் பக்கந்தான் உக்காந்திருக்கேன். அந்தக் கோபம் இன்னும் ஒரு பொட்டு குறையல. அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன். உக்காருதியா?"

சுடலை துண்டைப் பார்த்தான்.

விசில் ஊதினார்கள்.

அவன் எழுந்தான். மேடைப் பக்கம் திரும்பாமல், தரை அதிர நடந்து கோட்டுக்கு உள்ளே போனான். முதல் பந்தையே அவன் பிடுங்கிய வேகத்தில் எதிரணிக்காரன் மல்லாக்க விழுந்தான். அடுத்த பந்து வலையில். சென்னைக்காரர் மூடின நோட்டைத் திறந்தார்.

பிரஜித் தள்ளாடி வந்து, கண் தெரியாமல் அந்தத் துண்டின் மேல் உட்காரப் போனான்.

மாஸ்டர் வெடுக்கென்று துண்டை உருவி, அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.